என்டர் தட்டச் சொன்னவர்

அண்ணாச்சி, கையை எடுங்க. அந்தப் பட்டனைத் தொட்டுராதீங்க.

உங்களைத்தான். மன்னிச்சுக்கிடுங்க, அடுத்தவர் ஃபோனை எட்டிப் பாக்கிறது தப்புதான். ஆனா தூத்துக்குடியில ஏறினதுல இருந்து நீங்க அந்த ஒரே பக்கத்தோட மல்லுக்கட்டுறதைப் பாத்துட்டே வர்றேன். குளத்தூர் தாண்டிட்டோம், இன்னும் செவப்பு எழுத்து போகல. என்னது, தண்ணி இணைப்புக்கு விண்ணப்பமா? கீழ பாருங்க, மூணு பட்டன். மூணும் ஒரே அளவு, ஒரே நீலம். ஒண்ணு சேமிக்கிறது. ஒண்ணு அனுப்புறது. இன்னொண்ணு, நீங்க இவ்வளவு நேரம் எழுதினதை எல்லாம் துடைச்சுத் தள்ளுறது. உங்க விரல் போனது அந்த மூணாவதுக்கு.

இதைச் செய்யுறவங்க இருக்காங்களே, இந்தப் பக்கத்தை எல்லாம் கட்டுறவங்க, அவங்க எப்படி இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். ஏசி ரூம், கழுத்துல கார்டு. "ப்ரோ, யூஸர் பாத்துப்பான் ப்ரோ." இப்படித்தான் பேசுவான். மெட்ராஸ் குரல், தொண்டையில பாதி, மூக்குல பாதி. கேட்ட மாதிரி இருக்குல்லா? நான் யார் குரலையும் எடுப்பேன் அண்ணாச்சி. இந்த கண்டக்டர் ஏறுனவுடனே எடுத்துட்டேன். "உள்ள போ, உள்ள போ, உள்ள கடல் மாதிரி இடம் கிடக்கு." பாத்தீங்களா, அவரே திரும்பிப் பாக்காரு.

என் பேரு கிளிட்டஸ். பிளஸ் டூ முடிச்சாச்சு, கம்ப்யூட்டர் குரூப். நாளைக்குக் காலையில ராமநாதபுரம் தாண்டி ஒரு கல்லூரியில சேரணும், அதுக்குத்தான் இந்தப் பெட்டி, இந்த வாளி, இந்தத் தலையணை. படகு எஞ்சின் டிப்ளமோ. எனக்கு டீசல் வாடையே ஆகாது, அது வேற விஷயம். வந்த சீட்டை யாரும் விடுவாங்களா?

அந்தச் சீட்டும் இப்படி ஒரு ஃபாரத்துல இருந்து வந்ததுதான். ஃபாரம்னா சும்மா ஃபாரம் இல்ல. முட்டாள் கட்டி, முட்டாள் கையில குடுத்து, முட்டாள் நிரப்புன ஃபாரம். சொல்றேன், சாயல்குடி வர்ற வரைக்கும் போதும்.

எங்க ஊரு தூத்துக்குடிக்குப் பக்கம், கடலோரம். அந்தக் கல்லூரியில கடலோரப் பள்ளிக்கூடம் ஒவ்வொண்ணுக்கும் முறை வெச்சு ஒரே ஒரு இடம் குடுப்பாங்க. இந்த வருஷம் எங்க பள்ளிக்கூடம். அடுத்த வருஷம் வேற ஊரு. எங்களுக்குத் திரும்பி வர இன்னும் எத்தனை வருஷமோ, யார் கண்டா. வந்த முதல் வருஷமே அந்த ஒரு இடம் யாருக்குப் போச்சு தெரியுமா? தஸ்நேவிஸுக்கு.

நேவிஸ் என் கூட ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து படிக்கிறவன். பக்கத்து பெஞ்சு. ஆள் எப்படின்னா, ஃபோன்ல யாராவது 'சார்'னு சொன்னா எந்திரிச்சு நிப்பான். ஃபோன்ல, அண்ணாச்சி. கணக்குல என்னைவிட மூணு மார்க் கூட வாங்கிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால அவனுக்கு இடம், எனக்குக் காத்திருப்போர் பட்டியல்ல முதல் பேரு. எஞ்சின் மட்டும் அவனுக்கு வரும், அதை நான் இல்லைன்னு சொல்லல. எங்க தெரு மிக்கேல் மாமாவோட ஃபைபர் படகு கரைக்கு வரும்போதே மணல்ல உக்காந்துக்கிட்டு, கண்ணை மூடி, "மிக்கேல் மாமா, ரெண்டாவது போல்ட் லூஸு"ன்னுவான். போய்த் தொட்டுப் பாத்தா லூஸாத்தான் இருக்கும். காதாலயே கண்டுபிடிச்சிருவான். அது ஒரு திறமைன்னா, நாய்க்கும்தான் காது இருக்கு.

சீட்டு கிடைச்சவங்க ஒரு வாரத்துக்குள்ள சேர்க்கைக்குன்னு இருக்கிற இணையப் பக்கத்துக்குள்ள போய் விவரமெல்லாம் நிரப்பி, உறுதி பண்ணணும். பண்ணலேன்னா இடம் போச்சு. எங்களுக்கு வழிகாட்டின்னு பள்ளிக்கூடத்துல ஒருத்தரைப் போட்டாங்க, பாலையா சார், கம்ப்யூட்டர் வாத்தியாரு. அவரைக் கேளுங்க: "மாணவச் செல்வங்களே. கணினி என்பது. ஒரு. கத்தி. போன்றது." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. அந்தக் கத்தியை அவர் கையால தொட்டு நான் பாத்ததில்ல. மவுஸை ரெண்டு விரலால தூக்கி, எலியைத் தூக்குற மாதிரித் தூக்குவாரு.

நான் என்ன செஞ்சேன், நேவிஸுக்கு முன்னாடியே அந்தப் பக்கத்துக்குள்ள போய்ப் பாத்தேன். காத்திருக்கிறவனுக்கும் உள்ள போக வழி இருந்தது. நான் விருப்பப் பட்டியல்ல கடைசியா ஒரு ஐஸ் தயாரிக்கிற படிப்பையும் போட்டிருந்தேன், சும்மா. அதுக்குள்ள போய் எழுதிட்டு இருக்கும்போது பழக்கதோஷம், பெட்டிக்குள்ள எழுதினவுடனே என்டர் தட்டினேன். தட்டுனா, "நீங்கள் விலகிக்கொண்டீர்கள். நன்றி." அவ்வளவுதான். ஐஸ் போயிருச்சு.

எனக்கு ஆச்சரியம். பக்கத்தோட உள்பக்கத்தைத் திறந்து பாத்தேன், அதுக்கெல்லாம் வழி இருக்கு. என்ன பண்ணி வெச்சிருக்கான் தெரியுமா அந்த ப்ரோ? மூணு பட்டன். முதல்ல 'விலகு'. அடுத்து 'சேமி'. கடைசியில 'உறுதி செய்'. ஒரு பெட்டிக்குள்ள கர்சர் இருக்கும்போது என்டர் தட்டினா, கம்ப்யூட்டருக்கு நீ எதை நெனச்சுத் தட்டினேன்னு தெரியாது. ஃபாரத்துல முதல்ல எந்தப் பட்டன் நிக்குதோ அதை அமுக்கினதா எடுத்துக்கும். முதல்ல நிக்குறது எது? விலகு.

இன்னொண்ணு கேளுங்க, இதுதான் உச்சம். 'சேமி' அமுக்கினா ஆயிரம் கேள்வி. 'உறுதி செய்' அமுக்கினா ஆயிரம் கேள்வி. ஃபாரம் பேசினா எப்படிப் பேசும்னு எனக்குத் தெரியும், எங்க ஊரு ரேஷன் கடை ஆள் மாதிரி, தலையே நிமிராம: "பின்கோடு சரியில்ல. போட்டோ பெரிசு. வீட்டு நம்பர் தப்பு. அடுத்து." பாதி எழுதினதைச் சும்மா சேமிச்சு வைக்கக்கூட விடாது, எல்லாம் சரியா இருந்தாத்தான் சேமிக்குமாம். எல்லாம் சரியா இருந்தா நான் ஏன் சேமிக்கிறேன், அனுப்பிட்டுப் போக மாட்டேனா? ஆனா 'விலகு'வுக்கு மட்டும் ஒரு கேள்வி கிடையாது. சோதிக்க வேண்டாம்னு தனியா எழுதியே வெச்சிருக்கான். "நிஜமாவே போறியா?"ன்னுகூடக் கேக்காது. உள்ள வர்றவன்கிட்ட ஜாதகம் கேக்குறவங்க வெளிய போறவனுக்கு ஒரு டாட்டாகூடச் சொல்ல மாட்டேங்கறாங்க.

செவ்வாய்க்கிழமை. கடைசி நாள். நேவிஸ் கோயில் தெருவுல இருக்கிற கம்ப்யூட்டர் சென்டர்ல உக்காந்திருக்கான். கண்ணாடிக் கதவு. எதுத்தாப்புல கோயில் மைதானம், நான் அங்க வேப்பமரத்தடியில. என்கூட எங்க அம்மா ஃபோன். புது நம்பர், அந்த வாரம்தான் வாங்கினது, அவனுக்குத் தெரியாது. ஒரு மணி நேரமா நான் பாக்கிறேன், அவன் அதே இடத்துல நிக்குறான். எதுல தெரியுமா? வீட்டு நம்பர்.

அவன் வீடு குடியிருப்புல. பதினேழு சாய்கோடு நாலு அ. ஃபாரம் ஒத்துக்கல. "எண்கள் மட்டும்." நான் முந்தியே உள்ள போய் அவன்கிட்டச் சொன்னேன், நூத்தி எழுபத்திநாலுன்னு போடுல, சாய்கோட்டை யாரு கேட்டான்னு. அதுக்கு அவன், "அது மிக்கேல் மாமா வீடுல்லா"ங்கறான். எனக்கு எப்படி இருக்கும்? நான் என் வீட்டுக்கு ஒண்ணுன்னு போட்டேன். வெறும் ஒண்ணு. ஃபாரம் வாயை மூடிக்கிச்சு. ஃபாரத்துக்கு வேண்டியது எண்ணு, வீடு இல்ல. இது புரியாதவன் எஞ்சின் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறான்?

அந்தக் கோவத்துலதான் வெளிய வந்து மரத்தடியில நின்னு ஃபோனைப் போட்டேன். சும்மாதான். சார் குரலை எடுத்தேன்.

"தம்பி தஸ்நேவிஸ். நான். பாலையா சார். பேசுதேன்."

கண்ணாடிக்குள்ள பாக்கிறேன், எந்திரிச்சுட்டான். நாற்காலி பின்னால போய்ச் சுவத்துல இடிக்குது. எனக்குச் சிரிப்பு, வாயைப் பொத்திக்கிட்டேன்.

"சொல்லுங்க சார்."

"வீட்டு எண் பிரச்சினை. அனைவருக்கும். இருக்கிறது. நீ அந்தக் கட்டத்துக்குள்ள கர்சரை வெச்சுக்கிட்டு. என்டர். தட்டு. தானாகச் சரியாகிவிடும்."

"கீழ மூணு பட்டன் இருக்கு சார். எதையும் அமுக்க வேண்டாமா சார்?"

"எதையும். தொடாதே. என்டர். போதும்."

தட்டிட்டான். நின்னுக்கிட்டே குனிஞ்சு, ஒத்தை விரலால. திரையை எட்டிப் படிச்சான். அப்புறம், "சார், விலகிக்கொண்டீர்கள்னு வருது சார். நன்றின்னு வருது சார்"னான். நான் கட் பண்ணிட்டேன். அதுக்கு மேல சார் என்ன சொல்வாரு? சாருக்கே தெரிஞ்சிருக்காது.

என்ன அண்ணாச்சி, அப்படிப் பாக்கிறீங்க? நான் அது வேலை செய்யும்னு நெனச்சேனா? எனக்கு வெறும் காத்திருப்பு, அதனால கேக்காம விலக்கிருச்சு. சீட்டே கையில இருக்கிறவனை அப்படி விலக்குமா, ஒரு கேள்வியாவது கேக்கும், அப்ப பய பயந்து ஓடி வருவான், சிரிக்கலாம்னு பாத்தேன். இதுக்குப் பேரு சோதனை. பெரிய பெரிய கம்பெனியில இதுக்குன்னே ஆள் வெச்சிருக்காங்க, எங்க ஓட்டை இருக்குன்னு தட்டிப் பாக்க. நான் தட்டிப் பாத்தேன், ஓட்டை இருந்தது. ஓட்டை போட்டவனை விட்டுட்டு என்னைப் பாத்தா எப்படி?

சரி, கதைக்கு வாங்க. நான் ஒண்ணும் தெரியாத மாதிரி உள்ள போனேன். "என்னல, முடிஞ்சுதா?"ன்னேன். நேவிஸ் திரையையே பாத்துட்டு நிக்குறான். "சார் ஃபோன் பண்ணினாரு"ன்னான். சொல்லிட்டு அந்த நம்பருக்கே திருப்பிப் போட்டான். அம்மா ஃபோன் என் சட்டைப் பாக்கெட்டுல. நல்லவேளை, சத்தத்தை அணைச்சு வெச்சிருந்தேன். பாக்கெட்டுக்குள்ள ஜ்ஜ்ஜ், ஜ்ஜ்ஜ்னு அதிருது. அவன் காதுல ஃபோனை வெச்சுக்கிட்டு என் பாக்கெட்டையே பாத்துட்டு நின்னான், பேய்முழி முழிச்சுக்கிட்டு. அப்புறம் மெதுவா வெச்சுட்டான். என் பாக்கெட்டும் நின்னுருச்சு. பய கவனிக்கல.

நூறடி தள்ளி வர்ற படகுல போல்ட் லூஸுன்னு கேக்குற காது, பக்கத்துல அதிர்றது கேக்கல பாருங்க.

மறுநாள் பள்ளிக்கூடத்துல விசாரணை. ஹெட்மாஸ்டர் ரூம். நானும் கூடப் போனேன், நண்பன்ல. பாலையா சார் ஆடித் தீர்த்துட்டாரு. "நானா? ஃபோனா? உன் தவறை. என் தலையில். கட்டுதியா?" முதல் தடவையா அவர் ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமச் சேத்துச் சொன்னாரு, அதை மட்டும் எனக்கு இன்னும் சரியா எடுக்க வரல. "எந்த நம்பரு? ஃபோனைக் காட்டு"ன்னாரு. நான் பின்னால சுவரைப் பிடிச்சுக்கிட்டேன். நேவிஸ் தலையைக் குனிஞ்சு, "அழிச்சுட்டேன் சார்"னான்.

அழிச்சுட்டானாம். கையில இருந்த ஒரே சாட்சி. அதை எவனாவது அழிப்பானா? சொல்லுங்க. அவன் சீட்டு போனதுக்கு வேற காரணமே வேண்டாம், இது போதும். ஹெட்மாஸ்டர் அவனைப் பொய் சொல்றவன்னுட்டாரு. வெளிய வந்து, "ஏம்ல அழிச்சே?"ன்னு நானே கேட்டேன். "விடுல"ன்னுட்டு என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு நடந்தான்.

அன்னைக்குச் சாயங்காலமே எனக்கு மெசேஜ். இடம் ஒதுக்கப்பட்டதுன்னு. நான் கேட்டேனா? கம்ப்யூட்டரே குடுத்தது. நான் உக்காந்து நிதானமா நிரப்பி, கடைசிப் பட்டனை மட்டும் அமுக்கி, உறுதி பண்ணினேன். என்டர் பக்கமே கையைக் கொண்டுபோகல. அறிவுன்னா அதுதான்.

நேவிஸ் வீட்டுக்கு வந்து கையைக் குடுத்தான். அவங்க அப்பா பழைய எஞ்சினோட வாங்கின ஒரு ஸ்பேனர் செட்டு, அவனுக்குன்னு எண்ணெய் போட்டுத் துணியில சுத்தி வெச்சிருந்தது, அதைக் கொண்டாந்து என் பெட்டிக்கு மேல வெச்சுட்டான். "உனக்குத் தேவைப்படும்ல"ன்னான். எனக்கு அதுல எது தலை எது வால்னு தெரியாது. கனம் வேற. கீழ காலுக்கடியில இருக்கு பாருங்க, இடிச்சுக்கிடாதீங்க.

இன்னும் முடியல. இன்னைக்கு அவன் தூத்துக்குடியில சேர்க்கை உதவி மையத்துல போய் உக்காந்திருக்கான். சாயங்காலம் அஞ்சு மணியோட எல்லாம் மூடுது. அங்க ஒரு மேடம். "இதப் பாருப்பா, தெரியாம விலகினவங்களுக்குத் திறந்துவிட எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா தப்பாச் சொல்லிக்குடுத்தது யாருன்னு தெரியணும். அவங்க ஒரு வரி எழுதி அனுப்பினாப் போதும், இல்ல ஃபோன்ல என்கிட்டச் சொன்னாப் போதும். உன் இடம் உனக்கு. பின்னால வந்தவங்களுக்கு வேற படிப்பு பாத்துக்கலாம்." நல்ல குரல், வெத்தலை போட்ட குரல். காலையில நேவிஸ் ஃபோன்ல சொன்னதை வெச்சே எடுத்துட்டேன். யாரு சொன்னதுன்னு அவங்க கேட்டதுக்கு இந்தப் பய என்ன சொன்னான் தெரியுமா? "தெரிஞ்சவங்கதான் மேடம்"னானாம். பேரு சொல்லுன்னா, "அவங்களே சொல்வாங்க மேடம்"னு அங்க பெஞ்சுல உக்காந்துட்டானாம். காலையில பத்து மணியில இருந்து. யாரு வந்து சொல்வாங்கன்னு உக்காந்திருக்கான்? பாலையா சாரா வருவாரு? பேரைக்கூடச் சொல்லத் தெரியாதவனுக்கு அங்க என்ன வேலை?

மணி என்ன அண்ணாச்சி, நாலு இருவதா? இருங்க. ஃபோன். அவன்தான்.

சொல்லுல. ஆமா, பஸ்லதான். குளத்தூர் தாண்டியாச்சு. ம். சாப்பிட்டேன், சாப்பிட்டேன். நீ? ம். மேடம் பக்கத்துலயா? ம். ம். என்னது? என்கிட்ட ஏம்ல கேக்கே? எனக்கு எப்படித் தெரியும்? கேக்கல, சத்தமாப் பேசு. பாலையா சார்னே சொல்லு. சார்தான்னு சொல்லு, வேற யாரைச் சொல்வே. ஆமா. ஹலோ?

வெச்சுட்டான்.

ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மேடம் கடைசியாக் கேக்காங்களாம். "யாருன்னு நான் சொல்லட்டும்ல?"ன்னு கேக்கான். என்கிட்டக் கேக்கான். "உன் வாயால சொல்லு, நான் ஸ்பீக்கர்ல போடுறேன், மேடம் கேட்டுக்கிடுவாங்க"ங்கறான். நான்தான் சொன்னேனே, நீங்களும் கேட்டீங்களே, சார்னு சொல்லுன்னு. அதுக்கு அவன் 'சரி'ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

எப்படிச் சொன்னான்னா... "சரி." இல்ல, இப்படி இல்ல. இது கோவமா இருக்கு, அவன் கோவப்படல. "சரில." அதுவும் இல்ல, 'ல' போடல. பன்னெண்டு வருஷத்துல முதல் தடவையா 'ல' போடாம 'சரி' சொல்றான். இருங்க, வந்துரும். மேடம் வந்தது, சார் வந்தது, இது என்ன ரெண்டு எழுத்து.

"சரி."

கொஞ்சம் கீழ இறங்கணும்னு நெனைக்கிறேன். மூச்சு முதல்ல, அப்புறம்தான் சொல்லு.

"சரி."

இல்ல அண்ணாச்சி. இதுவும் அவன் இல்ல.